மலட்டின் உறுதியும் மணியின் உறுதியும்: கலப்பின பார்லி வளர்ப்பில் வளநிலைப்புச் சிக்கல்

முன்னுரை

பார்லி தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கும் பயிர். ஒரு சிறுபூவுக்கு மூன்று மகரந்தப்பைகள், ஒரு சூலகம். பல ரகங்களில் கதிர் தொண்டையை விட்டு முழுதாக வெளிவருமுன்பே மகரந்தம் கொட்டி, கருத்தரிப்பும் முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட பயிரில் இரு பெற்றோரைக் கலந்து, முதல் தலைமுறையின் கலப்பு வீரியத்தை உழவர் வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், தாய் வரிசையின் ஆண்மையை முதலில் அழிக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் விதை எடுக்கக் கையால் மகரந்தப்பை நீக்குவது நடவாத காரியம். எனவே பிறவியிலேயே மகரந்தம் இல்லாத செடிகள் தேவைப்படுகின்றன.

இதுவரை சொன்னது எந்தப் பயிர் வளர்ப்புப் பாடநூலிலும் கிடைக்கும். அதற்கு அடுத்த படிதான் பார்லியில் கடினமானது. வெங்காயத்திலும் கேரட்டிலும் உழவர் அறுவடை செய்வது விதையை அன்று. அங்கே கலப்பினப் பயிர் மலடாகவே இருந்தாலும் நட்டமில்லை. பார்லியில் விற்பனைக்குப் போவதே மணிதான். விதைப்பண்ணையில் தாய் வரிசை முற்றாக மலடாக இருக்க வேண்டும். அதே தாயின் மகவு உழவர் வயலில் முற்றாக வளமுடையதாக இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு மண்ணில், வெவ்வேறு வெயிலில் நிறைவேற வேண்டும்.

மலட்டை உண்டாக்குவது எப்படி என்ற கேள்விக்கு 1940 முதலே விடைகள் உண்டு. மலடும் வளமும் சூழல் மாறினாலும் மாறாமல் நிற்பதற்கான, அதாவது வளநிலைப்புக்கான, விடைதான் அரிதாக இருக்கிறது. கலப்பின பார்லி முறைகள் எவையும் நிலையாமையின் இடரை அழிக்கவில்லை. விதைப்பண்ணைக்கும் உழவர் வயலுக்கும் இடையே அதை இடம் மாற்றுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். எனவே ஒரு முறையை மதிப்பிடும்போது அது எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, அது தவறும்போது இழப்பு எந்த வயலில் விழுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

பூவே முதல் தடை

பார்லியின் பூ திறப்பதும் திறவாததும் சூலகத்தின் அடியில் உள்ள இரு சிறு பூச்செதில்களைப் பொறுத்தது. அவை நீர் ஏற்றுப் பருத்தால் உமி விலகும். பருக்காவிட்டால் பூ மூடியே இருந்துவிடும். இதை ஆளும் மரபணு இரண்டாவது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது, சி.எல்.ஒய்.1 என்று பெயர். அது ஏ.பி.2 குடும்பத்தைச் சேர்ந்த மரபணு என்றும், அதை ஒடுக்கும் ஒரு நுண் ஆர்.என்.ஏ. சேரும் இடத்தில் நேர்ந்த மாற்றமே பூவை மூடிவிடுகிறது என்றும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐரோப்பாவின் வசந்தகால இருவரிசை ரகங்கள் பல இந்த மூடிய பூவினவே. மூடிய பூ நோய்ப் பூஞ்சைக்கு நல்ல தடை. கலப்பின விதைக்கும் அதே அளவு தடை. தாய் வரிசையின் பூ திறக்க வேண்டும், தந்தை வரிசை மகரந்தப்பையை வெளியே நீட்ட வேண்டும். பல்லாயிரம் ஆண்டு வேளாண்மை தேர்ந்தெடுத்த பண்புக்கு எதிர்த்திசையில் வளர்ப்பாளர் தேர்வு செய்யவேண்டிய நிலை இது.

மகரந்தத்தின் அளவும் ஆயுளும் அடுத்த தடை. அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிரான ரையின் மகரந்தப்பை நீண்டு பருத்து மகரந்தத்தைக் காற்றில் வாரி இறைக்கும். பார்லியின் மகரந்தப்பை தருவது அதில் சிறு பங்குதான். அந்த மகரந்தமும் உதிர்ந்த சிறிது நேரத்திலேயே உயிர்ப்பை இழக்கிறது.

இந்தக் குறையை இயற்கை ஓரளவு ஈடுசெய்கிறது. மகரந்தம் கிடைக்காத சிறுபூவின் சூலகம் பருத்து, உமியை விலக்கிப் பல நாள் திறந்தே வைக்கும். மலட்டுக் கதிரை வயலில் தொலைவிலிருந்தே அடையாளம் காண உதவுவது இந்தத் தோற்றம். ஆனால் திறந்த பூவுக்குள் மகரந்தம் மட்டும் புகுவதில்லை. தேன் ஒழுகல் நோயை உண்டாக்கும் எர்காட் பூஞ்சையின் வித்துகளும் அதே வழியாகத்தான் நுழைகின்றன. கருவுற்ற சூலகத்தை அப்பூஞ்சை எளிதில் தாக்குவதில்லை. காத்திருக்கும் சூலகமே அதன் இலக்கு. ஆகவே வளநிலைப்பு தவறினால் மணி எண்ணிக்கை குறைவதோடு நச்சுக் கரும்பூஞ்சைக் கட்டிகளும் தானியத்தில் சேரும். பின்னால் வரும் வாதத்துக்கு இந்த இரட்டை இழப்பு முக்கியமானது.

அரிசோனா வழி: உட்கரு மலடு

கலிஃபோர்னியாவில் கோயிட் சூனசன் 1940இல் பார்லியின் ஆண்மலட்டுப் பண்பு ஒன்றை விவரித்தார். ஒற்றை ஒடுங்கு மரபணுவால் வந்த மலடு அது. அதன்பின் இத்தகைய மரபணு இடங்கள் நாற்பதுக்கும் மேல் கண்டறியப்பட்டன. இவற்றில் பல, சூழல் எப்படி மாறினாலும் மகரந்தம் தராத உறுதியான மலட்டைக் கொண்டவை. பயன்படுத்துவதில்தான் இடர்ப்பாடு. மலட்டுச் செடி தன்னைத்தானே பெருக்க முடியாது. அதைக் கலப்பு நிலையிலுள்ள வளமான உடன்பிறப்போடு சேர்த்தால் மகவில் பாதி மலடு, பாதி வளம். அந்தப் பாதியைப் பூக்குமுன் வயலிலிருந்து களையக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஏதும் இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க அரிசோனாவின் ஆர்.டி. ராமேஜ் 1965இல் முன்வைத்த வழி பார்லி மரபியலின் அழகான கட்டமைப்புகளில் ஒன்று. செடியின் இயல்பான இரு குரோமோசோம்களும் மலட்டு மரபணுவை ஏந்தும். அவற்றோடு, துண்டு மாறி ஒட்டிய கூடுதல் குரோமோசோம் ஒன்று இருக்கும். வள மரபணு அதில் மட்டும். இந்தச் செடி வளமாகக் காய்க்கும். ஆனால் கூடுதல் குரோமோசோம் மகரந்தம் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்வதில்லை. சூல்முட்டை வழியே மட்டும், அதுவும் ஒரு பகுதியில்தான் செல்கிறது. ஆகவே மகவில் ஏறக்குறைய 70 விழுக்காடு இயல்பான குரோமோசோம் எண்ணிக்கையுள்ள மலட்டுச் செடிகள். மீதி 30 விழுக்காடு தாயைப் போன்ற மூவிணைச் செடிகள். மூவிணைச் செடி மெலிந்து பின்தங்கி வளர்வதால், நெருக்கி விதைத்தால் மலட்டுச் செடிகள் அதை அமுக்கிவிடும். கலவன் எடுக்கும் வேலையைப் பயிர்ப்போட்டியே செய்துவிடுகிறது. இந்த முறையில் உருவான ‘ஹெம்பார்’ என்ற கலப்பினம் 1960களின் இறுதியில் அரிசோனாவில் வணிகச் சாகுபடிக்கு வந்தது.

இந்த முறையின் பெரும் வலிமை உழவர் வயலில் இருந்தது. மலடு ஒடுங்கு மரபணுவால் வருவது. இயல்பான எந்த பார்லி ரகமும் ஓங்கு வள மரபணுவை ஏந்தியிருக்கும். ஆகவே எந்தத் தந்தையோடு சேர்த்தாலும் மகவு முழு வளம் பெறும். வளமீட்பு வரிசை என்று தனியாக ஒன்றை வளர்க்க வேண்டியதில்லை. கலப்பினச் செடியின் வளம், சாதாரண பார்லியின் வளத்தைப் போலவே வெயிலையும் பனியையும் தாங்கும்.

பலவீனம் முழுவதும் விதைப்பண்ணையில் குவிந்தது. அமுங்காமல் தப்பிய மூவிணைச் செடி அங்கே மகரந்தம் சிந்தும். அந்த மகரந்தம் ஏந்துவது மலட்டு மரபணு. அது மலட்டுத் தாயோடு சேர்ந்தால் பிறப்பது மீண்டும் மலட்டுச் செடி. அது விதை மூட்டையில் கலந்து உழவரிடம் போகும். துண்டு ஒட்டிய முனைக்கும் மலட்டு மரபணுவுக்கும் இடையே குறுக்குப் பரிமாற்றம் நேர்ந்தால் கட்டமைப்பே குலையும். விதைப்பு அடர்த்தி, மண்ணின் சீர், முளைப்பின் ஒழுங்கு ஆகிய அனைத்தும் தூய்மையைத் தீர்மானித்தன. ஹெம்பார் நெடுநாள் நிலைக்கவில்லை, 1970களிலேயே மறைந்தது. தூயவழி ரகங்கள் விரைந்து மேம்பட்டுவந்த காலத்தில், விலை கூடிய விதையின் விளைச்சல் முந்துதல் அந்த விலை வேறுபாட்டைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. எனினும் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் பெரும்பங்கு இழப்பு விதை உற்பத்தியாளருக்கே என்றிருந்த முறை இது.

காட்டு பார்லி வழி: சைட்டோபிளாச மலடு

இரண்டாவது வழி ஃபின்லாந்திலிருந்து வந்தது. ஹன்னு அகோகாஸ் 1979இல் சைட்டோபிளாச ஆண்மலட்டை விவரித்தார். காட்டு பார்லியின் சைட்டோபிளாசத்துக்குள் பயிர் பார்லியின் உட்கருவைப் புகுத்தும்போது மகரந்தம் உருவாவது நின்றுவிடுகிறது. எம்.எஸ்.எம்.1, எம்.எஸ்.எம்.2 என இரு சைட்டோபிளாசங்கள் பெயர் பெற்றன. இரண்டிலும் வளத்தை மீட்கும் ஓங்கு மரபணு ஆர்.எஃப்.எம்.1, அதுவும் காட்டு பார்லியின் கொடை. ஆறாவது குரோமோசோமின் குறுங்கையில் அது இருப்பதாக வரைபடமிடப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வு அந்த இடத்தைத் துல்லியமாகப் பிரித்து, பி.பி.ஆர். புரதக் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் அங்கே இருப்பதைக் காட்டியது. மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்.என்.ஏ.வைத் திருத்தியும் வெட்டியும் பதப்படுத்தும் புரதங்கள் இவை. நெல், கம்பு, சோளம் எனப் பல பயிர்களின் கலப்பின விதைக்குப் பின்னால் உள்ள மைட்டோகாண்ட்ரியா–உட்கரு இழுபறியே இங்கும் நடக்கிறது.

இம்முறைக்கு மூன்று வரிசைகள் வேண்டும்: மலட்டுத் தாய், அதே உட்கருவோடு இயல்பான சைட்டோபிளாசம் கொண்ட பராமரிப்பு வரிசை, வளமீட்புத் தந்தை. பயிர் பார்லியில் ஆர்.எஃப்.எம்.1 அரிது என்பதால் பெரும்பாலான ரகங்கள் பராமரிப்பு வரிசையாகவே பயன்படும். தாய் வரிசை தேடுவது எளிது. தந்தை வரிசை தேடுவதுதான் கடினம். காட்டு பார்லியின் மரபணுவை உயர் ரகத்துக்குள் கொண்டுவரும்போது, அதை ஒட்டியிருக்கும் வேண்டாத துண்டும் கூடவே வருகிறது. அதைக் கழற்றப் பல தலைமுறை பின்கலப்பு தேவை.

சின்ஜென்டா நிறுவனம் இம்முறையில் உருவாக்கிய ஆறுவரிசைக் குளிர்கால பார்லி 2000களின் முற்பகுதியில் பிரிட்டனில் சந்தைக்கு வந்தது. ‘கொலோசஸ்’ அதன் முதல் ரகம். ‘ஹைவிடோ’ என்ற வணிகப் பெயரில் வால்யூம், ஹாபிட், பசூக்கா போன்றவை பின்தொடர்ந்தன. ஜெர்மனியிலும் பிரான்சிலும் அவை பரவின. பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்கான ரகங்களே. பெற்றோரின் சராசரியைவிட விளைச்சல் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுவதாகப் பார்லியின் கலப்பு வீரியத்தை ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய மிகுதி. இந்தச் சிறு மிகுதியிலிருந்தே கூடுதல் விதை விலைக்கும் உற்பத்திச் செலவுக்கும் ஈடு கிடைக்க வேண்டும். வளநிலைப்பு சில விழுக்காடு சரிந்தாலே கலப்பினத்தின் பொருளாதார நியாயம் கரைந்துபோகும்.

விதை உற்பத்தி முறையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. தமிழக விதைப்பண்ணைகளில் வீரிய ஒட்டு நெல்லுக்கு ஆண் வரிசை, பெண் வரிசை எனப் பிரித்து நட்டுத் தனித்தனியே அறுப்பார்கள். பார்லியில் சிறு பங்கு வளமீட்பு விதையைத் தாய் விதையோடு கலந்து விதைத்து, அனைத்தையும் ஒன்றாக அறுக்கலாம். குறைவான மகரந்தம், குறுகிய ஆயுள் ஆகிய இரு தடைகளுக்கும் இதுவே நடைமுறைத் தீர்வு. மகரந்தம் பயணிக்கும் தொலைவு சில அங்குலமாகச் சுருங்குகிறது. விலையாகத் தூய்மை குறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் திருத்திய விதிகள் இதை ஏற்றுக்கொண்டு, சைட்டோபிளாச மலட்டு முறையில் எடுத்த கலப்பின பார்லியின் சான்று விதைக்கு இனத்தூய்மை 85 விழுக்காடு இருந்தால் போதும் என்கின்றன. மீட்பு வரிசை அல்லாத பிற கலப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாய் வரிசையின் மலட்டுத்தன்மையோ ஆதார விதை வயலில் 99.7 விழுக்காடும் சான்று விதை வயலில் 99.5 விழுக்காடும் இருந்தாக வேண்டும்.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தால் சான்றளிப்பின் கண் எங்கே பதிந்திருக்கிறது என்பது விளங்கும். மூட்டையில் தந்தை விதை கலப்பதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. தாய் தன் மகரந்தத்தால் காய்ப்பதைப் பொறுப்பதில்லை. தந்தை விதை வளமான செடியாகும். தாயின் தன்விதையோ உழவர் வயலில் மீண்டும் மலட்டுச் செடியாக நிற்கும் என்பதால் இது சரியான வரிசைப்பாடே. ஆனால் பெரும்பான்மையாக நிற்கப்போகும் கலப்பினச் செடியின் கதிர் எவ்வளவு நிரம்பும் என்ற கேள்வி விதைப்பண்ணை ஆய்வாளரின் கண்ணுக்கு எட்டாத அடுத்த ஆண்டில், அடுத்தவர் நிலத்தில் விடை காண்கிறது.

கசியும் மலடு

சைட்டோபிளாச மலடு ‘ஆம், இல்லை’ என இரு நிலைகளில் மட்டும் நிற்பதாகக் கருதுவது பழைய எளிமைப்படுத்தல். ஆர்.எஃப்.எம்.1 அறவே இல்லாத தாய் வரிசைகளிலும் சில ஆண்டுகளில் சில கதிர்களில் மணி பிடிக்கிறது. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2019இல் இந்த ‘வேண்டாத வளமீட்பை’ ஆராய்ந்தது. ஆர்.எஃப்.எம்.3 என்று பெயரிட்ட ஓர் இடத்தையும், அங்கே எம்.டெர்ஃப் குடும்பத்தைச் சேர்ந்த இரு மரபணுக்களையும் அதனோடு தொடர்புபடுத்தியது. மைட்டோகாண்ட்ரியாவில் மரபுச்செய்தி படியெடுக்கப்படுவதை ஒழுங்குபடுத்தும் குடும்பம் இது.

இதன் பொருள் ஆழமானது. மலட்டைப் பிறப்பிப்பது மைட்டோகாண்ட்ரியா. அதன் வெளிப்பாட்டின் அளவைத் தீர்மானிப்பது உட்கருவில் சிதறிக்கிடக்கும் பல மரபணுக்கள். அவை செயல்படும் அளவு சூழலைச் சார்ந்தது. ஒரு தாய் வரிசை மலடா என்று ஓரிடத்தில் ஓராண்டு கேட்டுப் பெறும் விடை அந்த இடத்துக்கும் ஆண்டுக்கும் மட்டுமே உரியது. கதிர் வெளிவருமுன் உறையிட்டு, உறைக்குள் பிடித்த மணிகளை எண்ணும் சோதனையே நம்பகமானது. மகரந்தத்தை அயோடினில் நிறமேற்றி நுண்ணோக்கியில் எண்ணுவது விரைவானதுதான். ஆனால் மாவுப்பொருள் நிரம்பிய மகரந்தம் எல்லாம் வெடித்து வெளிவருவதில்லை. வெளிவந்தது எல்லாம் முளைப்பதும் இல்லை. உறைச்சோதனையைக் குளிர்ந்த இடம், வெப்பமான இடம், முன்பட்டம், பின்பட்டம் எனப் பரப்பிச் செய்த பிறகே தாய் வரிசைக்கு உறுதிச்சான்று தரலாம்.

மலடு முறியும் எல்லையைக் கணிக்காமல் நம்பி ஏமாறுவதன் விலையை நெல்லில் சீனா கண்டது. வெப்பநிலை உயர்ந்தால் மலடாகவும் தாழ்ந்தால் வளமாகவும் மாறும் இருவரிசை முறைத் தாய்களை அங்கே வளர்த்துவந்தனர். 1989 கோடையில் வழக்கத்துக்கு மாறாகக் குளிர் இறங்க, மலடாக நிற்க வேண்டிய வரிசைகள் வளம் பெற்றுத் தன்விதை பிடித்தன. அதன்பின் மலட்டைத் தூண்டும் வெப்ப எல்லை தாழ்வாக, ஏறத்தாழ 23.5 பாகை செல்சியசுக்கு மேல் போகாததாக, இருக்கும் வரிசைகளையே தேர்வது என்ற நெறி உருவானது. பார்லிக்கு இதில் பாடம் உண்டு. வளர்ப்பாளர் அறிவிக்க வேண்டியது ‘மலடு’ என்ற சொல்லோடு அந்த மலடு முறியும் எல்லையையும்தான். அந்த எல்லையை அளந்து சொல்லும் வழக்கம் பார்லி வளர்ப்பில் வேரூன்ற வேண்டும்.

நிரம்பாத கதிர்

மலடு கசிவதைவிட அதிகம் பேசப்படாதது, வளம் முழுமை பெறாதது. கலப்பினச் செடியில் ஆர்.எஃப்.எம்.1 ஒரே படியாக, தந்தையிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. அந்த ஒற்றைப் படி, மலட்டைத் தூண்டும் மைட்டோகாண்ட்ரியாவை ஒவ்வொரு மகரந்தப்பையிலும் அடக்கியாக வேண்டும். நல்ல பருவநிலையில் அடக்குகிறது. நெருக்கடியில் என்ன ஆகும் என்பதே கேள்வி.

நெருக்கடி வரும் பருவத்தையும் வழிகளையும் உடலியல் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. சைட்டோபிளாசம் எதுவானாலும், பார்லியின் மகரந்தம் உருவாகும் தொடக்கப் பருவத்தில் வெப்பநிலை பகலில் 30 பாகை செல்சியசுக்கு உயர்ந்து தொடர்ந்தால் மகரந்தப்பை வளர்ச்சி குலைகிறது. வளரும் மகரந்தப்பையில் ஆக்சின் அளவு வெப்பத்தால் குறைவதும், வெளியிலிருந்து ஆக்சின் தெளித்தால் வளம் மீள்வதும் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகக் குழு 2010இல் வெளியிட்ட முடிவு. போரான் குறைந்த மண்ணில் மகரந்தம் பொய்க்கிறது. தாமிரம் குறைந்தாலும் அப்படியே. தொண்டைக்கதிர்ப் பருவத்தில் வரும் வறட்சியும் உறைபனியும் இதே உறுப்பைத்தான் தாக்குகின்றன. சாதாரண ரகத்துக்கே இத்தனை இடர் என்றால், ஏற்கெனவே ஒரு கட்டுப்பாட்டின்மேல் நின்று வளம் காக்கும் கலப்பினத்துக்கு இடர் கூடுதலாக இருக்கும் என எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் எதிர்பார்ப்பை அளவீடு உறுதிசெய்ய வேண்டும்.

அளக்க ஒரு நேர்வழி இருக்கிறது. மலட்டுத் தாயையும் மீட்பு வரிசையையும் சேர்த்தால் பிறப்பது வணிகக் கலப்பினம். அதே மீட்பு வரிசையைப் பராமரிப்பு வரிசையோடு கையால் கலந்தால் பிறப்பது, உட்கருவில் அச்சு அசலாக அதே கலப்பினம். சைட்டோபிளாசம் மட்டும் இயல்பானது. இவ்விரண்டையும் பக்கம் பக்கமாக, வெப்பம் கூடும் பின்பட்டத்திலும் போரான் குறைந்த நிலத்திலும் விதைத்து, கதிருக்கு எத்தனை சிறுபூ மணி பிடித்தது என்று எண்ணினால், கலப்பு வீரியத்தின் பங்கு இரண்டிலும் சமமாகக் கழிந்துவிடும். எஞ்சும் வேறுபாடே வளமீட்பின் குறைபாடு. செலவு குறைந்த, விளக்கம் தெளிந்த இச்சோதனை ஒவ்வொரு கலப்பினத்தின் பதிவுக்கும் முன்நிபந்தனையாக வேண்டும்.

மணி எண்ணிக்கையை இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. குளிர்ந்த வட ஐரோப்பியச் சூழலில் பார்லியின் விளைச்சலைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது, கிடைக்கும் மாவுப்பொருளைவிட அதை ஏற்கும் மணிகளின் எண்ணிக்கைதான். ஒரு சிறுபூ பொய்த்தால் பக்கத்து மணி ஓரளவே பருக்கும். இழப்பு முழுதாக ஈடாகாது. பொய்த்த சிறுபூ திறந்து நிற்பதால் எர்காட் நுழைகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். கோதுமை, பார்லி, டிரிட்டிகேல் மூன்றிலும் கலப்பினங்களின் விளைச்சல், தூயவழி ரகங்களின் விளைச்சலைவிட இடத்துக்கிடம் நிலையாக இருப்பதாக 2014இல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. விளைச்சலே நிலையாக இருக்கும்போது, வளநிலைப்பைப் பற்றித் தனியாகக் கவலைப்படுவானேன்?

அந்த ஆய்வின் முடிவை மறுக்க வேண்டியதில்லை. அதிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே கேள்வி. விளைச்சல் நிலைப்பு ஒரு கூட்டுத்தொகை. கலப்புத்தன்மை தரும் தாங்குதிறன் ஒருபுறம் கூட்ட, வளக்குறை மறுபுறம் கழிக்க, எஞ்சுவதே வயலில் தெரிகிறது. கூட்டல் பெரிதாக இருக்கும்வரை கழித்தல் கண்ணில் படாது. மேலும், சோதனை வயல்கள் பெரும்பாலும் கலப்பினங்கள் வளர்க்கப்பட்ட சூழலையே ஒத்தவை. வடமேற்கு ஐரோப்பாவில் குளிர்கால பார்லி வெயில் ஏறுமுன் பூத்துவிடுகிறது. மகரந்தம் உருவாகும் நாள்களில் 30 பாகை வெப்பம் அங்கே அரிது. அந்த மென்மையான பருவத்தில் தேர்ச்சி பெற்ற வளமீட்பு, மத்தியதரைக்கடல் ஓரத்திலோ, பிப்ரவரி–மார்ச்சில் வெயில் ஏறும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேச பார்லி வயல்களிலோ அதே தேர்ச்சி பெறும் என்பதற்கு அந்தத் தரவு சான்றாகாது. வட ஐரோப்பாவிலும் வசந்தம் சூடேறிவருகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வயலில் நிற்கும் கலப்பின விதைத்தொகுதியில் மீட்பு வரிசையின் செடிகளும் கலந்திருக்கின்றன. ஆங்காங்கே வளம் குறைந்த பூக்களுக்கு இவற்றின் மகரந்தம் உதவும். ஆகவே தொகுதியின் விளைச்சல், தனிச்செடியின் வளக்குறையை மறைத்துவிடக்கூடும். ஆனால் வெப்ப அலை வந்து எல்லாச் செடிகளும் ஒரே நாளில் தடுமாறினால் அந்த உதவியும் மெலியும். இடர் சராசரியில் தெரியாது. மோசமான ஆண்டில்தான் தெரியும். பல இடச் சராசரியை மட்டும் நம்பும் பதிவுச் சோதனை, உழவர் அஞ்சும் அந்த ஆண்டைத் தவறவிடுகிறது.

ஒரே சைட்டோபிளாசம்

வணிகக் கலப்பின பார்லி பெரிதும் எம்.எஸ்.எம்.1 என்ற ஒற்றைச் சைட்டோபிளாசத்தைச் சார்ந்திருப்பதும் நிலைப்புச் சிக்கலின் ஒரு முகமே. 1970இல் அமெரிக்க மக்காச்சோளத்தின் ஏறக்குறைய 85 விழுக்காடு ‘டி’ சைட்டோபிளாசத்தில் நின்றது. மலட்டை உண்டாக்கிய அதே மைட்டோகாண்ட்ரியப் புரதம், இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்கும் வாயிலாக அமைந்தது. நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு போயிற்று. டிஃப்ட் 23ஏ என்ற ஒரே தாய் வரிசையின்மேல் எழுந்த முதல் கலப்பினக் கம்புகளை அடிச்சாம்பல் நோய் 1970களின் தொடக்கத்தில் வீழ்த்தியதை இந்திய வேளாண்துறை அறியும். கம்பில் குற்றவாளி சைட்டோபிளாசத்தைவிட ஒருமையே என்று பின்னர் தெளிந்தாலும், பாடம் மாறவில்லை. எம்.எஸ்.எம்.1 இதுவரை அத்தகைய கேட்டைக் காட்டவில்லை என்பது அதைப் பரப்பலாம் என்பதற்குச் சான்று. அதை மட்டும் பரப்பலாம் என்பதற்குச் சான்று ஆகாது. காட்டு பார்லியின் விதைத்தொகுப்புகளில் வேறு சைட்டோபிளாசங்களையும் வேறு மீட்பு மரபணுக்களையும் தேடும் பணி ஒதுக்கிவைக்கக் கூடியதன்று.

முடிவுரை

இரு முறைகளையும் ஒரே தராசில் வைத்தால் கிடைக்கும் தீர்ப்பு இது. உட்கரு மலட்டு முறை உழவர் வயலின் வளத்தைத் தானாகவே உறுதிசெய்தது. விதைப்பண்ணையின் சுமையைத் தாங்காமல் விழுந்தது. சைட்டோபிளாச முறை விதைப்பண்ணையை எளிதாக்கி வென்றது. அந்த எளிமைக்கு ஈடாக வளத்தின் பொறுப்பை ஒற்றைப் படி மரபணுவின்மேல் ஏற்றி உழவர் வயலுக்கு அனுப்பியது. வென்ற முறையைக் கைவிடக் காரணமில்லை. அது இடம் மாற்றிய இடரை அளப்பதும், அளந்ததை வெளியிடுவதும் அதன் கடமை.

ஆகவே மூன்று செயல்கள் உடனடித் தேவை. தாய் வரிசையின் மலட்டைப் பல வெப்பநிலைகளில் உறைச்சோதனை செய்து அது முறியும் எல்லையை அறிவிக்க வேண்டும். ஒரே உட்கருவை இரு சைட்டோபிளாசங்களில் ஒப்பிட்டு, கலப்பினத்தின் மணிபிடிப்புக் குறையை எண்ணாகப் பதிவு செய்ய வேண்டும். மீட்பு வரிசை வளர்ப்பில் விளைச்சலோடு, வெப்பத்திலும் நுண்ணூட்டக் குறையிலும் தளராத மீட்பையும் தேர்வளவையாக்க வேண்டும். தாயின் மலட்டுக்கு 99.5 விழுக்காடு என்று கறாராக எண் வகுத்த சான்றளிப்பு முறை, மகவின் கதிர் வளத்துக்கும் அதே கறாரோடு ஓர் எண் வகுக்க வேண்டும். விதைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் கேட்கத்தக்க குறைந்த அளவு உறுதி அதுவே.